வாளியை விட்டு ஏறிப் போகும் கடல் நத்தை: தண்ணீர் பிடிக்காதா?

முட்டத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஹாலிஃபாக்ஸ் பக்கம். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். அதனால் பாறையும் அலையும் எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே பாறைகளில் ஒரு நத்தை இருக்கிறது பாருங்கள், கால் வைக்க இடம் கிடைக்காது. கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம், பெரியது என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. கடல் வற்றியதும் பாறை இடுக்கு, கடற்பாசிக்கு அடி, தண்ணீர் தேங்கிய குழி என்று எங்கு பார்த்தாலும் இதுதான். இங்குள்ளவர்கள் பெரிவிங்கிள் என்கிறார்கள்.

போன சனிக்கிழமை மகள் தன் மணல் வாளியில் கடல் தண்ணீரோடு ஒரு கை நத்தையைப் பிடித்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வந்து சேர்வதற்குள் பாதி நத்தை வாளியின் விளிம்பில். எடுத்து உள்ளே போட்டால் திரும்பவும் ஏறுகிறது. "கடல் நத்தைன்னு சொன்னியேம்மா, அப்புறம் ஏன் தண்ணியை விட்டு ஓடுது?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்த ஊர் நத்தையே இல்லை, கப்பலில் வந்தது" என்றார். கரை முழுக்க நிறைந்திருப்பது வந்தேறியா? நம்ப முடியவில்லை.

மூன்றாவது என் மாமியாரின் கேள்வி: சாப்பிடலாமா?

விலங்கியல் வாத்தியார்:

அம்மா, பாளையங்கோட்டையில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது மகன் வீட்டில், மாசசூசெட்ஸில் நஹான்ட் பாறைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். உங்கள் வாளியில் இருப்பதும் என் காலை நடையில் காலில் படுவதும் ஒரே நத்தைதான்: லிட்டோரினா லிட்டோரியா. முதல் கேள்விக்கு இப்போது எழுதுகிறேன், கப்பல் கதை பெரிது, அது ராத்திரிக்கு.

நம்மூரில் விலங்கியல் படித்தவர்கள் பைலா என்ற குளத்து நத்தையை அறுத்துப் பார்க்காமல் பட்டம் வாங்கியிருக்க மாட்டார்கள். பைலாவுக்குச் செவுளும் உண்டு, நுரையீரல் போல ஒரு பையும் உண்டு. தண்ணீருக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. இந்த லிட்டோரினாவுக்கு அந்த வசதி கிடையாது, செவுள் மட்டும்தான். ஆனாலும் கடல் வற்றிய நேரத்தில் வெளியே பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். செவுள் அறை ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தும் பிராணவாயு எடுத்துக்கொள்ளும். வெயிலோ காற்றோ மிஞ்சினால் உடலை உள்ளே இழுத்து, காலில் ஒட்டியிருக்கும் கொம்புப்பொருள் மூடியால் வாசலை அடைத்துவிடும். ஓட்டின் உதட்டைக் கோழையால் பாறையோடு ஒட்டிவிட்டுக் காலை உள்ளே எடுத்துக்கொள்வதும் உண்டு. அப்போது பார்த்தால் செத்தது மாதிரி இருக்கும். கடல் ஏறியதும் மூடி திறக்கும், மேயக் கிளம்பும்.

ஆகவே தண்ணீர் பிடிக்காமல் ஓடவில்லை. அந்த வாளித் தண்ணீர்தான் பிடிக்கவில்லை. அசையாத கொஞ்சம் தண்ணீரில் ஒரு கை நத்தை. காரில் வரும்போதே சூடேறியிருக்கும், பிராணவாயு குறைந்திருக்கும். வெளியே காற்று இருக்கிறது, ஏறுகிறது. கெட்டிக்காரத்தனம்தான்.

வேறொரு காரணமும் இருக்கலாம். அந்த வாளியில் முன்பு நண்டு ஏதாவது போட்டிருந்தாளா? அல்லது ஒரு நத்தை நசுங்கியிருந்ததா? நண்டின் வாடை தண்ணீரில் கலந்தாலும், தன் இனத்தில் ஒன்று உடைபட்ட வாடை வந்தாலும், இவை நீர்மட்டத்துக்கு மேலே ஏறும் அல்லது இடுக்கில் ஒளியும். பச்சை நண்டுதான் இவற்றுக்குப் பெரிய எதிரி. கண் இருந்தாலும் வெளிச்சம், இருட்டு, நிழல் அளவுக்குத்தான் பார்வை. எதிரியை மோப்பத்தில்தான் கண்டுபிடிக்கும்.

சரி, இதை மகளே சோதித்துப் பார்க்கட்டும், ஆனால் கரையிலேயே. ஒரு தட்டில் குளிர்ந்த புதுக் கடல்நீர், நடுவில் ஒரு கல். இன்னொரு தட்டில் நண்டைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுத்த நீர். எதில் நத்தை மேலே ஏறுகிறது என்று பார்த்தால் போதும். தயவுசெய்து குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். முடிந்ததும் எடுத்த பாறையிலேயே விட்டுவிடுங்கள்.

கடற்சுவர்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வாத்தியார் ஐயா சொன்னதற்கு மறுபக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. இங்கே பாதிக் கரை மனிதர் கட்டிய கல் சுவர்தான். அதன் மேல்வரிசைக் கற்களில் எக்கினோலிட்டோரினா என்ற பொடி நத்தை, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஓட்டில் சின்னச் சின்ன முண்டுகள். உங்கள் பெரிவிங்கிளுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கடல்நீர் அதற்குத் தெறித்தால் போதும், முழுகவே தேவையில்லை.

நடுப்பகலில் அந்தக் கல் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நான் செருப்பில்லாமல் நிற்க மாட்டேன். நத்தை என்ன செய்கிறது என்றால், உடல் இயக்கத்தையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. உதட்டு ஓரத்தில் ஒரு துளி காய்ந்த கோழை, அதில் ஓடு தொங்குகிறது, உடம்பு எங்கும் கல்லில் படாது. ஹாங்காங்கிலும் புருணையிலும் இன்னொன்றும் கவனித்திருக்கிறார்கள்: ஒன்றின் ஓட்டின் மேல் ஒன்று ஏறி இரண்டு மூன்று அடுக்காக நிற்கும். மேலே இருப்பதற்குப் பாறைச் சூடு குறைவு. கீழே இருப்பது எதற்குச் சம்மதிக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

முட்டம் பாறைகளிலும் இந்த வகைப் பொடி நத்தைகள் அலைக்கோட்டுக்கு மேலே இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போனால் மகளுக்குக் காட்டுங்கள்.

நீலத்தொட்டி:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? மீன் தொட்டியில் விடுங்கள், கண்ணாடியில் படியும் பாசியைச் சுத்தமாகத் தின்றுவிடும். என் தொட்டிக்கு நானே தேடிக்கொண்டிருக்கிறேன், யாராவது ஊருக்கு வரும்போது நாலு கொண்டுவந்து தந்தால் நல்லது.

விலங்கியல் வாத்தியார்:

நீலத்தொட்டித் தம்பி, அது குளிர்ந்த கடல் நத்தை. உங்கள் 27 டிகிரித் தொட்டியில் மெல்ல மெல்லச் சாகும். ஒரு கடலின் பிராணியை இன்னொரு கடலுக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த நத்தையே சாட்சி. இனி கப்பல் கதை.

அம்மா, உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது சரி. இது ஐரோப்பிய அட்லாண்டிக் கரையின் நத்தை: ஸ்பெயினின் வடகரை, பிரிட்டன், நார்வே. அமெரிக்கப் பக்கத்தில் 1840 வாக்கில் முதலில் கவனித்தது உங்கள் மாகாணத்து பிக்டோவில்தான். பிக்டோ அப்போது மரம் ஏற்றுமதி செய்யும் துறைமுகம். மரத்தோடு பிரிட்டன் போகும் கப்பல், திரும்பும்போது சரக்கில்லாவிட்டால் ஆடாமல் இருக்கக் கற்களை அடியில் போட்டுக்கொண்டு வரும். வந்த இடத்தில் கல்லைக் கொட்டிவிட்டு மரம் ஏற்றும். கரையில் பொறுக்கிய கல்லில் நத்தையும் வந்திருக்கும் என்பது பலரின் கணிப்பு. தின்பதற்காக யாரோ கொண்டுவந்து விட்டார்கள் என்போரும் உண்டு.

ஆனால் இதில் நெடுங்காலச் சண்டை ஒன்று நடந்தது. நோவா ஸ்கோஷியாவில் பழங்குடிகளின் பழைய குப்பைமேடுகளிலிருந்து இந்த ஓடு கிடைத்ததாகச் சொல்லி, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இருந்தது என்று ஒரு கட்சி. வைக்கிங்குகள் கொண்டுவந்தார்கள் என்று இன்னொரு கட்சி. 2008-இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று நத்தையோடு நிற்காமல், அதற்குள் இருக்கும் கிரிப்டோகாட்டிலி என்ற ஒட்டுண்ணிப் புழுவையும் சேர்த்துப் பார்த்தது. இரண்டுக்கும் ஐரோப்பாவில் மரபணு வகைகள் நிறைய, இங்கே குறைவு, இங்கே இருப்பதும் அங்கே இருப்பதன் ஒரு பகுதிதான். அண்மையில் வந்தது என்ற கட்சிக்கு வலு கூடிவிட்டது. வந்தவனின் ஊரை அவன் வயிற்றுப் புழு காட்டிக்கொடுத்தது, இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பிக்டோவிலிருந்து தெற்கே இறங்கிய வேகத்தைப் பாருங்கள். 1870-களில் மெயின், மாசசூசெட்ஸ். நூற்றாண்டு முடிவதற்குள் நியூ ஜெர்சி. ஊர்ந்து போகும் பிராணிக்கு எப்படி முடிந்தது? முட்டைதான் காரணம். சின்னத் தொப்பி வடிவக் கூடுகளில் முட்டையைக் கடல்நீரில் விட்டுவிடும். பொரிந்த குஞ்சு வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து, பிறகுதான் பாறையில் இறங்கும். அதே பாறையில் இன்னும் உயரத்தில், கறுத்த பட்டைக்குள், இதன் பங்காளி லிட்டோரினா சாக்ஸாடிலிஸ் இருக்கிறது. அது இந்தக் கரைக்கும் சொந்தம். முட்டையை வயிற்றுப் பைக்குள்ளேயே வைத்திருந்து, ஓட்டோடு ஊரும் குட்டிகளாகப் போடும். குட்டி பிறந்த பாறையைவிட்டு அதிகம் நகராது. அதனால் பாறைக்குப் பாறை வடிவமே மாறும். ஸ்வீடனில் 1988-இல் ஒரு நச்சுப்பாசிப் பெருக்கம் சின்னச் சின்னப் பாறைத்தீவுகளில் இவற்றைத் துடைத்துவிட்டது. 1992-இல் கெர்ஸ்டின் யோஹான்னெசன் என்ற ஆய்வாளர், நண்டுகள் உள்ள கரையில் வாழும் தடித்த ஓட்டு வகையைக் கொண்டுபோய், அலையடிக்கும், நண்டில்லாத ஒரு பாறைத்தீவில் விட்டார். 30 ஆண்டுக்குள் அவற்றின் சந்ததி, முன்பு அங்கே இருந்த மெல்லிய ஓட்டுச் சிறு வகையைப் போலவே ஆகிவிட்டது. பரிணாமத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய எனக்கு இதைப் படித்தபோது வகுப்புக்குத் திரும்பிப் போகலாமா என்று தோன்றியது.

விஷயத்துக்கு வருகிறேன். வந்தது வெறுமனே வந்து உட்காரவில்லை. நீங்கள் அழகென்று படம் பிடிக்கும் அந்த வெற்றுப் பாறையில் பெரும்பகுதி இந்த நத்தையின் கைவேலை. கைவேலை என்பது தவறு, நாக்குவேலை. வாயில் ராடுலா என்ற நாடா, அதில் வரிசைக்கு ஏழு பல். முன்பல் தேயத் தேயப் பின்னாலிருந்து புதிய வரிசை வரும். நாளெல்லாம் பாறையைச் சுரண்டித் தின்னும். இங்கே நஹான்டில் ஜேன் லுப்செங்கோ 1970-களில் பாறைக் குழிகளில் சோதனை செய்தார். நத்தை நிறைந்த குழியில் ஐரிஷ் மாஸ் என்ற முரட்டுச் செம்பாசி இருந்தது, நத்தை இல்லாத குழியில் மெத்தென்ற பச்சைப்பாசி. முதல் குழியின் நத்தைகளை எடுத்ததும் பச்சைப்பாசி வந்து மூடியது. இரண்டாம் குழியில் நத்தைகளை விட்டதும் பச்சை காலியானது. 1978-இல் கட்டுரை வந்தது. அந்த அம்மையார்தான் பின்னாளில் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனத்தின் தலைவரானார். ரோட் ஐலண்டில் மார்க் பெர்ட்னஸ், அலை குறைந்த கூழாங்கல் கரையிலிருந்து நத்தைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். கல்மேல் பாசி படர்ந்தது, பாசியில் வண்டல் தங்கியது, கல் கரை சேற்றுக் கரையாகத் தொடங்கியது. 1840-க்கு முன் உங்கள் ஊர்க் கரை எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு உயிரோடிருக்கும் யாரும் அதைப் பார்த்ததில்லை.

குசினிக்காரன்:

வணக்கம் அக்கா. உங்கட மாமியின்ர கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என நினைக்கிறேன். சொந்த இடம் யாழ்ப்பாணம், பாரிசில் ஒரு உணவகக் குசினியில் வேலை. இங்கே இதற்கு பிகோர்னோ என்று பெயர். கடலுணவுத் தட்டில் சிப்பி, இறால், நண்டோடு ஒரு கிண்ணத்தில் இதுவும் போகும். நத்தார் காலத்தில் மூட்டை மூட்டையாக வரும், ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் கையால் பொறுக்கி அனுப்புகிறார்கள்.

செய்முறை லேசு. நாலைந்து தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மண் இருக்கும். கடல்நீர் அளவுக்கு உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் நத்தையைப் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போடக்கூடாது, உடனே உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும், பிறகு எடுக்கப் பெரும் பாடு. பிரிஞ்சி இலை ஒன்று, மிளகு தாராளமாக. கொதி வந்ததும் நாலைந்து நிமிடம், இறக்கிவிடுங்கள். கூட அவிந்தால் சதை ரப்பராகும், இழுக்கும்போது நடுவில் அறுந்து வால் பகுதி உள்ளே நின்றுவிடும். குண்டூசியால் மூடியை எடுத்து எறிந்துவிட்டு, ஊசியைச் சதையில் குத்தி ஓட்டைத் திருப்பத் திருப்ப முழுசாக வரும்.

இங்கத்தையவர்கள் மயோனேஸ் தொட்டுச் சாப்பிடுவார்கள். நாங்கள் வேலை முடிந்தபின் எங்களுக்கென்று எடுத்து வைத்ததைச் செத்தல் மிளகாய், உள்ளி, கறிவேப்பிலையோடு சட்டியில் பிரட்டித் தேசிக்காய் விட்டுச் சாப்பிடுவோம். மயோனேஸ் கிட்டவும் வராது.

வாத்தியார் ஐயாவின் புழுக் கதையைப் படித்துப் பயப்பட வேண்டாம், அவித்தால் சரி. மற்றது, வந்தேறி என்றால் அள்ளித் தின்றே குறைக்கலாமே?

விலங்கியல் வாத்தியார்:

குசினித் தம்பி, செய்முறைக்கு நன்றி, எச்சில் ஊறுகிறது. அந்தப் புழு வாழ்க்கையை நத்தையில் தொடங்கி, மீன் தோலில் கரும்புள்ளியாகத் தங்கி, மீனைத் தின்னும் கடற்காக்கையின் குடலில் முடிக்கும். புழு பிடித்த நத்தை மலடாகிவிடும், மேய்ச்சலும் குறைந்துபோகும். நன்றாக அவிப்பது கட்டாயம், பச்சையாக வேண்டவே வேண்டாம்.

அம்மா, ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை ஒட்டிய கரையில் பொறுக்காதீர்கள். மாசு, நச்சுப்பாசி காரணமாகச் சிப்பி எடுக்கத் தடை உள்ள பகுதிகளைக் கனடா மீன்வளத் துறை வெளியிடுகிறது. தடை இல்லாத இடமா, எடுக்க அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஈரமான கறுத்த பாறையில் கால் வைக்க வேண்டாம் என்று பெக்கிஸ் கோவ் என்ற உங்கள் பக்கத்துக் கடலோர ஊரில் எழுதிப் போட்டிருப்பார்களே, மாமியாருக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.

தின்றே தீர்ப்பது நடக்காத காரியம். குஞ்சு கடலில் மிதந்து வருகிறது, நீங்கள் ஒரு பாறையைக் காலி செய்தால் அடுத்த ஆண்டுகளில் வேறு கரையின் குஞ்சு வந்து இறங்கும். தவிர, நூற்றெண்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பச்சை நண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான், 1817-லேயே அமெரிக்கக் கரையில் பதிவாகியிருக்கிறது. அது வடக்கே மெயின் பக்கம் பரவியபின் இந்தக் கரையின் சொந்த நத்தையான தட்டைப் பெரிவிங்கிளின் ஓடே மாறிவிட்டது. ராபின் சீலி என்பவர் 1871-இல் சேகரித்த ஓடுகளையும் 1980-களில் எடுத்தவற்றையும் ஒப்பிட்டார். பழையது மெல்லிசு, கூம்பு உயரம். புதியது தடிப்பு, கூம்பு தட்டை. ஊர் முழுக்க இப்படி ஒன்றுக்கொன்று பழகிப்போன பிறகு ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் பழைய கரை திரும்பி வராது, மூன்றாவதாக ஏதோ ஒன்றுதான் வரும்.

முட்டத்துக்காரி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நத்தைகளை அன்று மாலையே கொண்டுபோய் விட்டுவிட்டோம், தட்டுச் சோதனை அடுத்த முறை. நண்டு பற்றிக் கேட்டீர்களே, மகளிடம் விசாரித்தேன். முதலில் அந்த வாளியில்தான் நண்டு பிடித்து வைத்திருந்தாளாம், நான் பார்க்கும் முன் அப்பா கீழே விடச் சொல்லிவிட்டாராம். தண்ணீரை மாற்றவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். எல்லாவற்றையும் விட்டோம் என்று நினைத்தால் வாளியின் அடியில் ஒன்று தங்கிவிட்டது. அதே ஓடு, ஆனால் ஊரவில்லை, ஓடுகிறது. வேகமாக. மகள் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள். இது வேறு வகை நத்தையா?

விலங்கியல் வாத்தியார்:

அது நத்தையே இல்லை அம்மா. செத்த பெரிவிங்கிளின் ஓட்டில் குடியேறிய துறவி நண்டு. ஓட்டின் வாசலைப் பாருங்கள், மூடி இருக்காது, இரண்டு கொடுக்கும் காலும் நீட்டும். இங்கே துறவி நண்டுகளுக்கு இந்த ஓடுதான் பெருவாரியாகக் கிடைக்கும் வீடு. கல்லில் வந்த நத்தை இங்கே வாடகை வீடும் கட்டிக் கொடுத்திருக்கிறது. இதுவும் சூடான தண்ணீரில் நிற்காது. ஈரமான கடற்பாசியில் பொதிந்து, வெயில் படாமல் எடுத்துப் போய் அதே கரையில் விட்டுவிடுங்கள். பெயர் வைத்ததால் மகள் அழுதால், போகும் முன் பக்கத்தில் சற்றுப் பெரிய காலி ஓடு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அவள் கண் முன்னாலேயே வீடு மாறும்.